மார்க் குறைவு, ஒரு சாவு தேவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான அந்தத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, பதற்றத்தில் கோட்டைவிட்டிருப்பேன் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாம் முறை பதற்றமே இல்லாமல் எழுதி, அதைவிடக் குறைவாக வாங்கினேன். முதல் முறை என்னைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அந்தப் பதற்றம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழகமோ வருகிற விண்ணப்பங்களை அள்ளி அள்ளிக் கழிப்பதற்கே பேர்போனது. ஆசைப்பட்டது நான் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. அப்பாவைப் போலவே சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவருடைய மகன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். அவன் பனியில் நிற்கிற போட்டோவை, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், அப்பாவின் இலைக்கு மேலாகப் போனை நீட்டி அவர் காட்டினார். அப்பா அன்றைக்கு மோருக்குக் காத்திராமல் ரசத்தோடு எழுந்துவிட்டார். நானும் பனியில் நின்றாக வேண்டும் என்பது அந்த இலையிலேயே முடிவாகிவிட்டது.

விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை நிலையம். கீழே மூட்டை மூட்டையாக வத்தல். படியேறி முடிப்பதற்குள் எந்தக் கல்நெஞ்சக்காரனுக்கும் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகத் தொடங்கிவிடும். அந்தக் கோலத்தில் கதவைத் திறந்தால் உள்ளே ஏ.சி., கண்ணாடி மேஜை, மேஜைமேல் டிஷ்யூ டப்பா, அதற்குப் பின்னால் ஆலோசகர் மேடம். கண்ணீரோடு உள்ளே வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லோரிடமும் ஒரு சோகக் கதை இருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு.

என் மதிப்பெண் தாளை மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரு பகுதியோட மார்க்காப்பா?"

"மொத்தம் மேடம்."

"ஓ." தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "பரவாயில்ல. மார்க்கை அனுப்பியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. மறைச்சுடலாம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதென்ன மேடம், எம்.ஆர்.பி. ஒட்டாம சரக்கு விக்கிற மாதிரில்ல இருக்கு? அப்ப எதைப் பாத்துப் பயலை எடுப்பாக?"

"கட்டுரை, சார். கதை. இவன் யாருங்கிற கதை."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "லேபிள்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நானும் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுபோனேன். எங்கள் தொழிலில் சீசனுக்கு முன்னால் 'புது அயிட்டம்' இறக்குவோம். பெரும்பாலும் உள்ளே இருப்பது போன வருஷத்துச் சரக்குதான்; பேரும் படமும் புதுசு. தரையில் ஒரே இடத்தில் கிடந்து சுற்றுகிற சக்கரம் ஒன்றுக்கு நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 'வேர்ல்டு டூர்' என்று பேர் வைத்தேன். பெட்டியில் விமானம், கப்பல், ஒட்டகம் எல்லாம் போட்டு லேபிள் அடித்தார்கள். அந்த சீசனில் நன்றாகப் போயிற்று. வாங்கியவர் யாரும் வந்து, எங்கேப்பா உலகம் என்று கேட்கவில்லை. இதைத்தான் எழுதியிருந்தேன். கட்டுரை என்னைப் போலவே ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் என்னுடையது.

மேடம் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இதுல வலி எங்கப்பா?" என்றார்.

"வலியா மேடம்?"

"உங்க பக்கம் அடிக்கடி விபத்தெல்லாம் நடக்குமே. உனக்கு நெருக்கமா யாராவது…?"

எங்கள் வீட்டில் விபத்து என்ற சொல்லைச் சொல்வதில்லை. தூரத்தில் எங்காவது சத்தம் கேட்டால், "எங்கன?" என்று மட்டும்தான் கேட்போம். வெம்பக்கோட்டைப் பக்கமா, சாத்தூர்ப் பக்கமா என்று போன் பறக்கும். "நம்மது இல்ல" என்று பதில் வருகிறவரை யாருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. பதில் வந்ததும் இறங்குகிறதே, அதைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

இப்படியெல்லாம் நினைத்தேனே தவிர, வாயை மூடிக்கொண்டிருந்தேனா? இல்லை. அப்பா கீழே வத்தல் கடைக்காரரிடம் விலை விசாரிக்கப் போயிருந்தார். நான் என் மாமாவைப் பற்றி மேடத்திடம் சொல்லத் தொடங்கினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் கம்பெனியில் பேக்கிங், லோடு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வாலிப வயதில் அவர் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தபோது அங்கே சத்தம் கேட்டது. மாமாவுக்கு இடது காது போயிற்று. அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் போய்விட்டார். அந்தச் சிநேகிதருடைய தூக்குவாளி சாயங்காலம்வரை வெளியே வேப்பமரத்துக் கொப்பில் மூடியபடியே தொங்கிக்கொண்டிருந்ததாம். மாமாதான் அதை எடுத்துக்கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்தார். இதை எனக்குச் சொன்னது அம்மா. மாமா ஒருபோதும் அதைப் பேசியதில்லை. இடது பக்கம் நின்று யாராவது பேசினால், "இங்கிட்டு வாலே" என்று வலது பக்கத்தைக் காட்டுவதோடு சரி.

வத்தல் நெடியில் கண்ணெல்லாம் சிவந்து நான் இதைச் சொல்லி முடித்தபோது, மேடம் டிஷ்யூ டப்பாவை மெதுவாக என் பக்கம் தள்ளினார். நானும் ஒன்றை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வத்தல் கண்ணீருக்குத் துக்கக் கண்ணீர் விலை கிடைக்கிறதென்றால் எவன் விடுவான்?

"மாமா இப்ப…?"

"இருக்கார் மேடம். நல்லா சாப்பிடுவார்."

மேடத்தின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதைச் சரிசெய்ய வேண்டியது என் கடமை என்று தோன்றி, "வேணும்னா அப்பாவைக் கொன்னுரலாமா மேடம்?" என்று ஜோக் அடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்பா வேண்டாம்பா. அவரோட இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் கேப்பாங்க" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் குமட்டுவது அந்தச் சிரிப்புதான். அந்த அறையில் அன்றைக்கு ஜோக் அடித்தது நான் ஒருவன் மட்டும்தான்.

விண்ணப்பத்துக்கும் அதற்கென்று தொடங்கிய மின்னஞ்சலுக்கும் பாஸ்வேர்டு அவர்களிடமும் இருந்தது. கட்டுரையைச் 'செதுக்க' அவர்களுக்கு டெல்லியில் ஆட்கள். கெடு முடிகிற நேரத்தில், செதுக்கி முடித்ததை எனக்கு அனுப்பி, சரியா என்று கேட்டார்கள். என் வாழ்க்கையை நானே எதற்குப் படிக்க வேண்டும் என்ற தெளிவோடு, கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மார்க் ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கலாம்.

சில நாளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி, தீபாவளி முடிந்ததும் என்னை வீடியோவில் நேர்காணல் செய்வார். அவர்தான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அடியில் அவருடைய அலுவலக முகவரி இருந்தது. வீடே கொண்டாடியது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் சுமார்தான். முகவரி மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் வாசித்துவிடுவார்.

தீபாவளிக்கு முன்னால் கிஃப்ட் பாக்ஸ் அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். இ.பி. ஆபீஸ், பேங்க், டாக்டர், லாரி செட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒருவர் விடாமல் போகும். எங்கள் ஊரில் நன்றி, வேண்டுகோள், மன்னிப்பு மூன்றுக்கும் ஒரே பேக்கிங். எங்கள் கம்பெனியில் அது மாமாவின் இலாகா. ஒவ்வொரு பெட்டியிலும் தன் பேரும் போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டை வைப்பார்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, அந்தம்மாவுக்கும் ஒண்ணு போட்டுட்டேன்."

"எந்தம்மாவுக்கு மாமா?"

"ஒன்னய கேள்வி கேக்கப்போற அம்மாவுக்குத்தான். லாரி பார்சல்ல போயிருச்சு. நாளைக்கு மெட்ராஸ்ல இருக்கும்."

"ஐயோ மாமா, அதுக்குப் பேரு லஞ்சம்!"

"லஞ்சமா? ஏலே, மத்தாப்பும் சாட்டையும் சங்குசக்கரமும் லஞ்சமாலே? பொம்பளையாளு பயந்துக்கிடும்னு அணுகுண்டுகூட வைக்கல. அம்புட்டு யோசிச்சு வச்சிருக்கேன், லஞ்சங்கிறான்."

தீபாவளி முடிந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் லீவு விட்டிருந்தார்கள். நேர்காணல் அன்று மாடி அறையில் நான் சட்டை மட்டும் இஸ்திரி போட்டு, கீழே கைலியோடு உட்கார்ந்திருந்தேன். நெட் போய்விட்டால் தன் போனிலிருந்து கொடுப்பதற்காக, கேமராவில் படாமல் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வலது காது லேப்டாப்பைப் பார்க்கும்படி. அப்பா கதவுக்கு வெளியே பேப்பர் வாசிப்பதுபோல நின்றார். பேப்பர் தலைகீழாக இருக்கவில்லை, ஆனால் பழையது.

திரையில் வந்த பெண்மணி அன்பான முகமாக இருந்தார். ஆங்கிலத்தில் பேசினார். நேர்காணல் செய்கிறவர்களுக்குக் கட்டுரை போகாதாம். ஆனால் மேடத்தின் ஆட்கள் என் பெயரில் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்திருந்தார்கள். "முதலில், உங்கள் மாமாவைப் பற்றிப் படித்தேன். மிகவும் வருந்துகிறேன்" என்றார்.

காதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "பரவாயில்லை, எங்களுக்குப் பழகிவிட்டது" என்றேன்.

"பழகிவிட்டதா?"

"ஆமாம். என்ன, டி.வி.யை மட்டும் ரொம்பச் சத்தமாக வைப்பார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு சீட்டை எடுத்து, மிகவும் தயங்கி, "எனக்கு ஒரு பெட்டி வந்தது. இதில் இருக்கும் பேரும், உங்கள் கட்டுரையில் இறந்துபோன மாமாவின் பேரும் ஒன்றாக இருக்கிறது. குடும்பத்தில் அதே பேரில் வேறு யாரும்…" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

மாமாவின் நல்ல காதில் விழுந்தது அவருடைய பேர் மட்டும்தான். ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு கேமராவுக்குள் வந்துவிட்டார்.

"வணக்கம்மா. நாந்தான் அனுப்புனேன். நமத்துப்போகாம வந்துச்சா?"

அந்தப் பெண்மணி வாயில் கை வைத்தார். பிறகு தமிழுக்கு மாறினார். "நீங்கதான் மாமாவா?"

"ஆமாம்மா, தாய்மாமன்."

"வேற மாமா யாராவது…"

"இல்லம்மா, நான் ஒரே ஆளுதான்."

"நல்லா இருக்கீங்களா சார்?"

"நல்லா இருக்கேம்மா. சுகர்தான் கொஞ்சம்."

"சந்தோஷம்" என்றார் அவர். அதை உண்மையாகவே சொன்னார். பிறகு என்னிடம் ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நேர்காணலை முடித்துக்கொண்டார்.

"நல்ல குணமான அம்மா" என்றார் மாமா. "எதுக்குலே ஒன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அனுப்பிய கட்டுரையை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தேன். மாமா விடவில்லை, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். என்னைத் தகப்பனைப் போல வளர்த்த மாமா, என் கண்ணெதிரே, எங்கள் கம்பெனியிலேயே, செத்துக்கொண்டிருந்தார்.

"எங்கன செத்தேன்?"

"வெடிமருந்து கலக்குற ரூம்ல, மாமா."

"மருந்து ரூம்லயா? பேக்கிங் பாக்கிறவனுக்கு மருந்து ரூம்ல என்னலே சோலி? கையில என்ன வச்சிருந்தேன்?"

"போன்ல பேசிக்கிட்டே…"

"போனா!" மாமா எழுந்தே விட்டார். "போனை வாசல்ல வாங்கி வைக்கிறவனே நான்தானலே! வாசிக்கிறவன் என்னைய எம்புட்டு கூமுட்டைன்னு நினைப்பான்?"

அதுவரை எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அதை மறைக்க மாட்டேன். கீழேயிருந்து வந்த அம்மா, யார் செத்தது என்று கேட்டுவிட்டு, தன் தம்பிதான் என்று தெரிந்ததும் என்னை ஒன்றும் சொல்லாமல், உப்பும் வத்தலும் எடுத்துவந்து மாமாவுக்குச் சுற்றிப்போடத் தொடங்கினாள். அப்பா வாசலில் நின்று, "எழுத்துலதான மாப்ள, நெசத்துலயா?" என்றார். நான் அடுத்த பத்தியை வாசித்தேன். அதில் வேப்பமரம் வந்தது. கொப்பில் மூடியபடி தொங்கிய தூக்குவாளி வந்தது. உள்ளே என் அத்தை ஆசையோடு கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு.

மாமா உட்கார்ந்துவிட்டார்.

"அது அவனோட வாளிலே."

அன்றைக்கு அந்த வாளியில் என்ன இருந்தது என்று மாமா எங்களுக்குச் சொன்னார். அம்மாவுக்குமே அது புதுசு. இத்தனை வருஷமாக அவர் அதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அந்தச் சிநேகிதருக்குச் சொந்தம். அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

"அந்த அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிரு" என்றார் மாமா.

"சொன்னா சீட்டு போச்சு மாப்ள" என்றார் அப்பா.

"நான் செத்தது ஒண்ணுமில்ல அத்தான். செத்தவனைத் தூக்கிட்டு, அந்த இடத்துல என்னைய வச்சிருக்காக. அவன் போனது எங்கிட்டுப் போச்சு?"

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் பதறவேயில்லை. "நீயா போய் மாட்டிக்காதப்பா. இன்டர்வியூ ரிப்போர்ட்ல அவங்க இதையெல்லாம் எழுதமாட்டாங்க. கேட்டா, அது இன்னொரு மாமான்னு சொல்லு. உங்க பக்கம் ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்கல்ல?"

போனை வைத்த பிறகு அந்தச் சாயங்காலம் முழுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இன்னொரு மாமாவை யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊர் சாத்தூர் என்று வைத்தேன். மீசைகூட வைத்துவிட்டேன். 'வேர்ல்டு டூர்' வைத்த அதே மூளை. லேபிள் கேட்டால் அடித்துக்கொடுத்துவிடும். மேடத்தின்மேல் வந்த அருவருப்பு அப்படியே சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நின்றது. கீழே மாமா சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். என் நினைவு தெரிந்து அவர் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. சாத்தூர் மாமாவின் கதை மீசையோடு அத்துடன் முடிந்தது.

அந்தப் பெண்மணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நானே, என் ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். என் மாமா உயிரோடு இருக்கிறார். இறந்தது அவருடைய சிநேகிதர். அது நடந்தது எங்கள் கம்பெனியில் அல்ல, நான் பிறப்பதற்கு முன்னால். இதை எழுதியது நான் இல்லை. ஆனால் படிக்காமல் அனுப்பச் சொன்னது நான். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். மாமாவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். "செத்ததுங்கிற இடத்துல 'காலமானார்'னு மரியாதையாப் போட்டிருக்கியா?" என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப அனுப்பு" என்றார்.

பல்கலைக்கழகம் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியது. அந்தப் பெண்மணி, பெட்டியைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாதென்றும், திருப்பி அனுப்ப வழி தெரியாததால் காவலாளியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும், மாமாவைக் கேட்டதாகச் சொல்லும்படியும் எழுதினார். அப்பா அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நான் இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில், என் மார்க்குக்குத் தகுந்த வகுப்பில், பின் பெஞ்சில் சந்தோஷமாகவே இருக்கிறேன்.

ஆனால் மேடம் விடவில்லை. கல்லூரி சேர்ந்த புதிதில், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. மின்னஞ்சல் பாஸ்வேர்டு அவரிடமும் உண்டே? நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

"சூப்பர்ப்பா! நாங்க செதுக்கினதைவிட இதுதான் கட்டுரை. தப்பு, நேர்மை, குடும்பம் எல்லாம் வந்திருக்கு. இந்த வருஷம் வேற இடத்துக்குப் போடுவோம். மார்க்கே தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த வாளியில நிஜமா என்ன இருந்துச்சு?"

"தெரியாது மேடம்."

"மாமாகிட்ட மெதுவா கேட்டுப் பாரேன். அழுத்தமா ஒரு விஷயம் கெடைச்சா…"

போனை அணைத்துவிட்டேன். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து நெடுநேரம் வாய் கொப்பளித்தேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "யாருலே போன்ல?" என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன். அவருடைய இடது பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன்போல, காதில் விழவில்லை. வலது பக்கமாகப் போய், இன்னொரு தடவை சொன்னேன்.